கீழே விழாமலே முதுகெலும்பு நசுங்குமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கும் அம்மாவுக்கு 62 வயது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ வாங்கி இரண்டு வருடமாகப் போடுகிறார். தைராய்டு மாத்திரையும் உண்டு. குடம் தூக்கியதிலிருந்து நடு முதுகில் வலி, லேசாகக் கூனும் விழுகிறது. ஹார்மோன் காரணமா?

இருக்கலாம். முதலில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். இப்படிக் கொடுக்கும் செட்டில் ஒரு சின்ன மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும்: பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெதசோன். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் கார்டிசோல் ஹார்மோன் மிஞ்சினால் என்ன ஆகுமோ அதுதான் இதிலும் ஆகும். முகம் உப்பும், வயிறு பெருத்துக் கைகால் மெலியும், லேசாகப் பட்டாலே தோல் கன்றும்.

எலும்பு கட்டும் செல்களை ஸ்டீராய்டு அடக்கிவிடும். முதுகெலும்புக் கட்டையின் உள்பகுதி பஞ்சு போல இருப்பதால் அதுதான் முதலில் அரிபடும். ஒரு குடம் தூக்கினாலே முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகும், கூன் அதனால்தான். எக்ஸ்ரேயைப் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள், நேராக மட்டும் எடுத்தால் தவறவிட வாய்ப்பு அதிகம். கட்டையின் உயரம் 20 சதவீதம் குறைந்திருந்தாலே முறிவாகக் கணக்கு. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். ஆனால் ஸ்டீராய்டு போடுபவர்களுக்கு அந்த எண்ணைத் தொடுவதற்கு முன்பே நசுங்கும். ஸ்கேன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

செட்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. இரண்டு வருடத்தில் அட்ரினல் சொந்தமாகக் கார்டிசோல் சுரக்காமல் தூங்கிப்போயிருக்கலாம். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. மாத்திரையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை அளவு மிஞ்சினாலும் எலும்பு கரையும். காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால் முதுகெலும்பு டிபி, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இரண்டையும் விலக்கியாக வேண்டும். கால்சியம் மாத்திரை கொடுத்தால் தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் கழித்து, சாப்பாட்டோடு.

சுளுக்கு என்று யாரையும் முதுகை மிதிக்கவோ நீவவோ விடாதீர்கள்.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரில் ஹார்மோன் நோய்களுக்கான எண்டோகிரைனாலஜி துறை இருக்கிறது. கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.