வேலூரில் வீட்டிலிருந்தபடி குழந்தைப் பொருட்கள் செய்து விற்க ஆசை. எதில் தொடங்குவது, எப்படி விளம்பரம் செய்வது?

துணியில் தொடங்குங்கள். என் மகள் பிறந்தது மே மாதம். வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்? கடைச் சட்டையின் லேபிள் உரசிப் பிடரியெல்லாம் வேர்க்குரு. மெல்லிய பருத்தியான மல் துணியில், பட்டனுக்குப் பதில் நாடா வைத்து, தையல் மடிப்பு வெளிப்பக்கம் வரும்படி ஜப்லா (கைக்குழந்தைச் சட்டை) தைத்தேன். அதுதான் முதல் சரக்கு.

பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; வீட்டில் செய்பவருக்கு அது பெரிய வேலை. சத்துமாவென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு வேண்டும். அதைவிட, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான உணவென்று விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பலருக்கு இது தெரிவதில்லை. சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் காசு போட்டதற்கு எனக்கு வந்தவை லைக்குகள்தான். ஆர்டர் வந்தது வளைகாப்பு வீடுகளிலிருந்து. சத்துவாச்சாரியில் ஒரு வளைகாப்புக்கு இரண்டு ஜப்லாவை மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தேன். பையில் என் எண். அடுத்த மாதம் காட்பாடியிலிருந்து ஒரு பாட்டி, "நாடா வச்சதுதானேம்மா? ஆறு குடு" என்றார். படம் எடுக்கும்போது உள்பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள். அம்மாக்கள் பார்ப்பது அதைத்தான்.

வெட்டுமுன் துணியை ஒரு தரம் அலசிக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும். அலசாமல் நான் தைத்த முதல் பத்தும் வீணாகத்தான் போயின.