மூடுபனியில் வெளுத்த வார்னிஷும் மங்கும் பார்வையும்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். வயது 63. பணி ஓய்வுக்குப் பிறகு, 28 மில்லிமீட்டர் உயரமுள்ள சிப்பாய் உருவங்களுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். ஐப்பசி மழையில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். ஒரு வரிசை முழுவதும் வெளுத்துவிட்டது. கண் வரையும்போது பார்வை மங்குகிறது, விரலும் லேசாக நடுங்குகிறது. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். வெளுத்த உருவங்களையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடியில் நீங்கள் தீட்டிய வண்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஸ்பிரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது உருவத்தின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் நுண்துளிகளாகப் படிந்து வார்னிஷ் படலத்தைக் கலங்கடித்துவிடும். வெயில் அடிக்கும் ஒரு நாளில், தண்ணீரில் கரையும் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிதாகப் பூசுங்கள். முதலில் ஓர் உருவத்தில் மட்டும் பூசிப் பாருங்கள். பல சமயம் வெண்மை மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷ் பூசலாம், அதையும் தூரிகையாலேயே.

மலையில் இந்த வேலையைப் பருவம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதலே தென்மேற்கு மழை. ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறிய நண்பகலில், அந்த ஆண்டுக்கு வேண்டிய உருவங்களுக்கெல்லாம் பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்பிரே அடித்து வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் தூரிகை மட்டும் போதும். குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி, கரி அடுப்போ ஹீட்டரோ எரியும் அறையில் ஸ்பிரே அடிப்பது உயிருக்கே ஆபத்து; ஸ்பிரேயின் வாயு தீப்பற்றக்கூடியது. அக்ரிலிக் வண்ணமும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகப் படலமாகாது. உறைபனி இரவுகளில் புட்டிகளை வீட்டின் உள்ளறையில் வையுங்கள்.

இனி உங்கள் கண். 28 மில்லிமீட்டர் உருவத்தின் முகமே நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதில் கருவிழி வைப்பது இளைஞர்களுக்கே சிரமம். நீங்கள் மாற்ற வேண்டியது பொம்மையின் அளவைத்தான். 54 மில்லிமீட்டர் உருவத்தில் தீட்டும் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியதிலிருந்து பழகிப்போன அளவு அது. அதற்கு மேல் 75 மில்லிமீட்டர், பிறகு மார்பளவு உருவங்கள். வயது ஏற ஏற இப்படிப் பெரிய அளவுக்கு நகர்வதால் திறமை குறைந்ததாக ஆகாது. துணியின் மடிப்பும் தோலின் நிறமாற்றமும் அங்கேதான் முழுமையாகப் பிடிபடும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே அருமையான பொருள் இருக்கிறது: நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்துக்குளி என்னும் பூவேலைப் போர்வை. அதைப் போர்த்திய முதியவரை 75 மில்லிமீட்டரில் தீட்டிப் பாருங்கள். போர்வையை வெள்ளையில் தொடங்காதீர்கள். மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தை அடியில் பூசி, தந்த நிறத்தால் மேடுகளை எழுப்பி, சுத்த வெள்ளையைத் தோளிலும் மடிப்புகளின் உச்சியிலும் மட்டும் வையுங்கள். முதலிலேயே வெள்ளை பூசிவிட்டால் வெளிச்சம் காட்ட அதற்கு மேல் நிறமே இருக்காது. சிவப்பு, கறுப்புப் பட்டைகள் மடிப்போடு சேர்ந்து வளைய வேண்டும். பள்ளத்தில் இறங்கும் இடத்தில் சிவப்பையும் ஒரு படி இருட்டாக்குங்கள். நேர்கோடாக இழுத்தால் துணி, தகரம்போல் விறைத்து நிற்கும்.

நடுக்கத்துக்கு: இரு முழங்கையும் மேசையில், இரு மணிக்கட்டும் ஒன்றோடொன்று ஒட்டியபடி. உருவத்தைக் காலி மருந்துப் புட்டியின் மூடியில் ஒட்டிப் பிடியுங்கள். நுணுக்கத்துக்கு மிக மெல்லிய 000 எண் தூரிகை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் நுனியில் வண்ணம் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கூர்நுனியுள்ள 1ஆம் எண் தூரிகையே நல்லது. வண்ணம் அதன் உலோகப் பூண் வரை ஏறவிடாதீர்கள்.

கண்ணாடி வாங்கும்போது, 25 சென்டிமீட்டர் தூரத்தில் வேலை செய்வதாகக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதற்குமுன் கண்புரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுவது அவசியம். நடுக்கம் கூடிக்கொண்டே போனால் அதையும் காட்டுங்கள். பழைய ஈயச் சிப்பாய்கள் கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பேரக்குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.