மாரி உளைவும் பாமசிக் குளிசையும்

கேள்வி: எனக்கு வயது 64. வயல் செய்கிறேன். கார்த்திகை பிறந்து வாடைக்காற்று விழுந்தால் இரண்டு முழங்காலும் உளையத் தொடங்கும்; தை கடைசி மட்டும் விடாது. பாமசியில் சொன்னால் மூன்று நாளைக்குக் கடதாசிப் பையில் குளிசை கட்டித் தருவார்கள், அடுத்த நாளே சுகம். பிரசருக்குக் கிளினிக்கில் லொசாட்டனும் எச்.சி.ரி.யும் தருகிறார்கள். முந்தி மாரியில் இப்படிக் கூதல் இருந்ததாக நினைவில்லை. இது எனக்கு வயது போனதாலா, காலநிலை மாறியதாலா?
- வாசகர், திருக்கோவில்

பதில்: வயதா வானமா என்பதற்குப் பிறகு வருவோம். போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே ஒரு கடதாசிப் பை, முதலில் அதைப் பேச வேண்டும். உங்கள் முழங்காலைவிட அந்தப் பைதான் எங்களுக்குக் கவலை.

பெயர் எழுதாமல் கட்டித் தரும் நோவுக் குளிசையில் வழக்கமாக இருப்பது டைக்ளோபெனக் அல்லது ஐபுபுரூபன். சில வேளை கூடவே ஒரு சின்னக் குளிசை இருக்கும், பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட். "அடுத்த நாளே சுகம்" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் வருகிறது. ஸ்டீரொயிட் நோவைச் சட்டென்று அமத்தும். அதோடு சீனியை ஏற்றும், பிரசரை ஏற்றும், அடிக்கடி எடுத்தால் எலும்பையும் அரிக்கும்.

டைக்ளோபெனக் உங்களுக்குக் கூடாததற்குக் காரணம் உங்கள் கிளினிக் கொப்பியிலேயே இருக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயை டைக்ளோபெனக் சுருக்கும். வெளியே போகும் குழாயை லொசாட்டன் தளர்த்தும். எச்.சி.ரி. உடம்பில் உள்ள நீரைக் குறைக்கும். வாய்க்கால் தலைப்பை அடைத்து, வக்கடையையும் திறந்துவிட்ட வயலில் தண்ணீர் நிற்குமா? அதேபோல வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் சிறுநீரகத்துக்குள் விழுந்துவிடும். வயிற்றோட்டம், காய்ச்சல், வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காத நாள் என்று ஏதாவது சேர்ந்தால் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரகம் பழுதாகலாம், நோவே தெரியாமல். சிறுநீர் குறைவது, கணுக்கால் வீங்குவது, மலம் கறுப்பாகப் போவது (இது இரைப்பையில் இரத்தம் கசிவதைக் காட்டும்), இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த கிளினிக்கில் "பாமசியில் நோவுக் குளிசை எடுத்தேன்" என்று ஒளிக்காமல் சொல்லி, சீரம் கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்கக் கேளுங்கள். மிச்சக் குளிசை இருந்தால் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்தக் குளிசையை வாரக்கணக்கில் விடாமல் எடுத்திருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டொக்டர் சொல்லித் தருவார்.

நோவுக்கு என்னதான் எடுப்பது? பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், 24 மணித்தியாலத்துக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகாமல். உடம்பு 50 கிலோவுக்குக் கீழே என்றால், ஈரல் வருத்தம் இருந்தால், சாராயம் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதிலும் குறைய வேண்டும். அளவை டொக்டரிடம் கேளுங்கள். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு, இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கணக்குத் தப்பும். முழங்காலுக்கு டைக்ளோபெனக் ஜெல் பூசலாம்: ஒரு முறைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. தோல் வழியாக இரத்தத்துக்குப் போவது குளிசையைவிட மிகக் குறைவு. என்றாலும் கிரியட்டினின் முடிவு வந்தபின், டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒத்தடம் நல்லது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். நொச்சி இலை அவித்த தண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்தும் வைக்கலாம். சித்தாலேபயோ ஜெல்லோ பூசிய இடத்தில் ஒத்தடம் வேண்டாம், தோல் பொசுங்கும். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்கள் சூட்டை அறிய மாட்டார்கள். வேறொருவர் கையை வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சுடுமானால் ஒத்தடமே கூடாது.

இனி உங்கள் கேள்வி. மழைக்கும் மூட்டு உளைவுக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் முதியவர்கள் டொக்டரிடம் போன ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவைகளை மழை நாட்களோடு ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வு, தொடர்பு இல்லை என்றது. பிரித்தானியாவில் 2,658 பேர் தங்கள் நோவைக் கைத்தொலைபேசியில் பதிந்துவந்த ஆய்வு 2019இல் வந்தது. ஈரப்பதன் கூடிய, காற்றமுக்கம் குறைந்த, காற்று பலமாக வீசிய நாட்களில் நோவு சிறிதளவு கூடியது என்றது அது. நமது வாடைக்காலத்தில் தாழமுக்கம் வரும் நாட்களில் அந்த மூன்றும் ஒன்றாக வரும். ஆகவே நீங்கள் சொல்வது கற்பனை அல்ல. ஆனால் வானத்தால் கூடுவது கொஞ்சம்தான். மிச்சம், மழைக்குப் பயந்து மூன்று நாள் கதிரையில் சுருண்டிருப்பதால் வருவது. அசையாத முழங்கால் இறுகும், தொடைத் தசை மெலியும், பிறகு எழும்பும்போது முழுப் பாரமும் மூட்டில் விழும்.

கூதல் கூடிவிட்டதா? மட்டக்களப்பில் தை மாதத்துச் சராசரி இரவு 23 பாகை அளவு, பகல் 28 பாகை அளவு. நாட்டின் நீண்டகாலப் பதிவுகள் வெப்பம் ஏறுவதைத்தான் காட்டுகின்றன. அப்படியிருக்க உங்களுக்குக் கூதுகிறது என்றால், கூடுதலாக மாறியது உங்கள் உடம்பு. வயது போகப்போகச் சூட்டை உண்டாக்கும் தசை குறையும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெலியும். குளிருக்கு இரத்தக்குழாய் சுருங்கும் வேகமும் குறையும். எல்லாவற்றையும் வயதில் போட்டுவிடவும் கூடாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, பிரசருக்குத் தரும் அட்டனலோல் போன்ற குளிசைகள் ஆகியவையும் கூதலைக் கூட்டும். புதிதாகக் கூதலோடு களைப்பும் மலச்சிக்கலும் சேர்ந்தால் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெப்பமானியில் தெரிவதைவிட உடம்பு அதிகமாகக் குளிரும். 2022 மார்கழியில் மன்டூஸ் புயல் கடலில் போனபோது வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஒதுங்க இடமில்லாமல் மழையிலும் குளிர்காற்றிலும் வெட்டையில் நின்றவை அவற்றில் எத்தனையோ. நனைந்த சேர்ட்டோடு வரம்பில் நிற்கும் மனிதருக்கும் சூடு அப்படித்தான் இறங்கும். காய்ந்த மாற்றுச் சட்டை ஒன்றை ஷொப்பிங் பையில் கட்டி வயலுக்குக் கொண்டுபோவது, போர்வை வாங்குவதைவிடப் பலன் தரும்.

மாரியில் வரும் எல்லா உளைவும் வாதம் இல்லை என்பதை வயல் செய்கிற நீங்கள் முக்கியமாக அறிய வேண்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்து, கண்ணும் சிவந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வயலில் இறங்கியதை டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சேற்றில் இறங்கும் காலத்துக்குத் தடுப்பாக டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை தருவார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கள். சாப்பிட்டபின் ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கண்ணுக்குப் பின்னால் நோவோடு காய்ச்சல் என்றால் டெங்கை நினையுங்கள், இரண்டாம் நாளே காட்டுங்கள். அந்த நேரம் டைக்ளோபெனக், ஐபுபுரூபன், அஸ்பிரின் மூன்றும் இரத்தப்போக்கைக் கூட்டும். கிளினிக்கில் அஸ்பிரின் எடுப்பவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் கை கால் மூட்டுகள் மாதக்கணக்கில் உளைவது சிக்குன்குன்யாவின் குணம். 2006இல் கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் பரவியபோது எத்தனையோ பேர் அதைச் சாதாரண வாதம் என்றே எண்ணியிருந்தார்கள்.

காய்ச்சல் இல்லாமலும் சில குறிகள் உண்டு. காலையில் இறுக்கம் அரை மணித்தியாலத்துக்குள் விட்டால் அது தேய்மானத்தின் போக்கு. ஒரு மணித்தியாலம் தாண்டி, இரண்டு கை விரல் மூட்டும் வீங்கினால் அது வேறு வாதம், வேறு மருந்து. ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரி.

இப்போது செய்ய வேண்டிய வேலை. முதுகை நேராக வைத்துக் கதிரையில் இருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் மட்டும் பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். மூச்சை அடக்க வேண்டாம், பிரசர் ஏறும். ஒரு வாரம் போனபின், கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து ஐந்து தடவை எழும்பி இருங்கள், மெதுவாகப் பத்தாக்குங்கள். கதிரை முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது, வழுக்கும் பிளாஸ்டிக் கதிரை என்றால் சுவரோடு முட்டி வையுங்கள். செய்யும்போது கொஞ்சம் நோகும், அது பரவாயில்லை. மறுநாளும் கூடுதலாக நொந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் இல்லை" என்று விடுபவர்களே அதிகம். ஆகவே வாடை விழுமுன் பலன் தெரிய வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே தொடங்குங்கள். உடம்பு கனமானவர் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ அளவு குறையும்.

கிணற்றடியில் பாசி இருந்தால் மழைக்கு முன்னம் உரஞ்சிக் கழுவுங்கள். குந்தும் கக்கூசுக்கு மேலே கொமட் கதிரை ஒன்றை வையுங்கள். படி ஏறும்போது நோவில்லாத கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். ஊன்றுகோலை நோவு கூடிய முழங்காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அதன் உயரம் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டம்.