தென்னை அடியில் முளைத்த தட்டுக்காளான்: கஷாயம் போடலாமா?

வணக்கம் ஐயா. உங்கள் தென்னையின் அடியில், வார்னிஷ் பூசியதுபோல் செம்பழுப்பாய் மினுங்கி விளிம்பு மட்டும் வெளுத்திருக்கும் காளானைக் காயவைத்துக் கஷாயம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சீனர்கள் லிங்ஷி என்றும் ஜப்பானியர்கள் ரெய்ஷி என்றும் மருந்தாகப் பயன்படுத்துவதும் இதே கனோடெர்மா என்னும் காளான் பேரினம்தான் என்றாலும், விற்பனைக்கு வருவது பெரும்பாலும் மரத்துண்டுகளிலும் மரத்தூளிலும் வளர்க்கப்படுவது. தோப்பில் முளைத்தது எந்த இனம் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. தவிர, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அசல் ரெய்ஷியே அதனுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

எனக்கு மரத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. இந்தக் காளான், 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் பெருகியதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர்பெற்ற அடித்தண்டழுகல் நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். காளான் வெளியே தெரியும்போது வேர்கள் பெரிதும் அழுகியிருக்கும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசிகிறதா என்று பாருங்கள். காளானை வெட்டி எரித்துவிட்டு, மரத்தைச் சுற்றி அகழி எடுத்து, அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயாமல் தடுங்கள். அண்டை மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்குடன், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து இடலாம்.