கணவர் பட்டாளத்தில் இருக்கிறார், லீவுக்கு மட்டும்தான் வருகிறார். கல்யாணமாகி 2 வருடமாகியும் குழந்தை இல்லை. எங்களுக்குக் குறை இருக்கிறதா?

அந்த 2 வருடக் கணக்கை முதலில் விடுங்கள். சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால்தான் அதைக் குழந்தையின்மை என்பார்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் நம் வேலூர் ஊர்களில் இந்தக் கணக்கைப் போடாமலே பெண்ணைக் குறை சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம்.

பழைய காலண்டரை எடுத்து, அவர் வீட்டில் இருந்த நாட்களையும் உங்கள் மாதவிலக்குத் தேதிகளையும் குறியுங்கள். ஒவ்வொரு மாதவிலக்கு தொடங்கிய தேதியிலிருந்தும் 14 நாள் பின்னோக்கிப் போனால், ஏறக்குறைய முட்டை வெடித்த நாள் வரும். அந்த நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் கரு தங்க வாய்ப்புள்ளவை. 2 வருடத்தில் மூன்று நான்கு முறைதான் அது லீவுக்குள் விழுந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் இன்னும் சரியாக முயலவே இல்லை என்றுதான் அர்த்தம். இனி தேதியைப் பார்த்து லீவு கேட்கச் சொல்லுங்கள். 30 நாள் சுற்று என்றால், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 9ஆம் நாளுக்குள் அவர் காட்பாடியில் இறங்கியிருக்க வேண்டும். ஜம்மு பக்கமிருந்து ரயிலிலேயே இரண்டு மூன்று நாள் போய்விடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு ஒழுங்கில்லை, வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவருக்குப் பொன்னுக்குவீங்கியில் விரை வீங்கியது என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே இருவரும் டாக்டரைப் பாருங்கள்.

விந்துப் பரிசோதனையில்தான் பலர் தவறுகிறார்கள். வந்த மறுநாளே கொடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் விலகியிருந்தால் அசையாத, இறந்த அணுக்கள் அதிகம் சேர்ந்திருக்கும், ரிப்போர்ட் மோசமாக வரும். ஒருமுறை வெளியேறிய பிறகு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். மில்லிக்கு 1.6 கோடி அணுக்களுக்குக் குறைந்தால் மறுபடி பாருங்கள். அணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால், இரண்டு மூன்று மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

உங்கள் பரிசோதனைகளில், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையை எந்த நாளிலும் எடுக்கலாம்; முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்எச் பரிசோதனை மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள். கருக்குழாய் படம் விலக்கு நின்றபின், முட்டை வெடிக்கும் முன். இவற்றுக்கு அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிகிச்சைதான் தேவை என்றானால், லீவு முடிவதற்குள் அவருடைய விந்தை உறையவைத்துவிடுங்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி (ஹெபடைடிஸ் பி, சி), மேகநோய்க்கான விடிஆர்எல் ரத்தப் பரிசோதனையும் எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் பல வருடம் வைக்கலாம். உருக்கும்போது ஒரு பங்கு அணுக்கள் செத்துப்போகும் என்பதால் ஒரு குப்பிக்கு மேல் சேமிப்பது நல்லது. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சைக்கான ஒப்புதல் படிவங்களிலும் அப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்து இல்லாமல் சிகிச்சையே நின்றுபோகும்.

செலவு பயமுறுத்தினால், டெல்லி ஆர் அண்ட் ஆர் ராணுவ மருத்துவமனையில் ஐவிஎஃப் உண்டு. பக்கத்து மிலிட்டரி ஆஸ்பத்திரி வழியாக ரெஃபரல் கேளுங்கள். அதற்கு உங்கள் கல்யாணம் பார்ட் டூ ஆர்டரில், அதாவது அவருடைய ராணுவப் பணிப் பதிவில், ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்றைக்கே அவரை யூனிட் கிளார்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.