பழைய மரவேலை இயந்திரத்துக்கு என்ன விலை சொல்லலாம்? கேள்வி பதில்

ஐயா, பத்து ஆண்டுகள் ஓட்டிய 12 அங்குல சர்ஃபேஸ் பிளேனரை (மரத்தின் பரப்பை இழைத்துச் சமமாக்கும் இயந்திரம்) விற்க நினைக்கிறேன். ஆடிட்டர் காட்டும் புத்தக மதிப்பையே விலையாகச் சொல்லலாமா? (அம்பத்தூர்)

வேண்டாம். வருமான வரிக் கணக்கில் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் மீதி மதிப்பில் 15 விழுக்காடு தேய்மானம் கழிப்பதால், ஒரு லட்சத்துக்கு வாங்கியது பத்தாண்டு முடிவில் காகிதத்தில் ஏறத்தாழ 19,700 ரூபாய்தான். ஆனால் வார்ப்பிரும்பு மேசை அந்த வேகத்தில் தேய்வதில்லை. நீங்கள் அன்று கொடுத்த விலையையும் மறந்துவிடுங்கள். அதே அளவும் அதே குதிரைத்திறனும் கொண்ட புது இயந்திரம் இன்று என்ன விலை என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். ஒழுங்காகப் பராமரித்த, உதிரிபாகம் கிடைக்கிற இயந்திரமென்றால் அதில் பாதியிலிருந்து தொடங்குவது என் வழக்கம். புதியது 1,20,000 என்று வைத்துக்கொண்டால் பாதி 60,000. பிளேடு, பேரிங், பெல்ட் மாற்ற வாங்குபவருக்கு 8,000 ஆகுமென்றால் 52,000 நியாயம். பேரம் பேசுவதற்கென்று சிறிது கூட்டிச் சொல்வது உங்கள் விருப்பம்.

வாங்கப் போகும்போது எதைப் பார்ப்பது? விற்பவர் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். (கொளத்தூர்)

பெயின்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். நேரான இரும்புப் பட்டையை மேசையின் மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு நீளப் பலகைகளின் விளிம்பை அதே இயந்திரத்தில் இழைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவிலோ இரு முனைகளிலோ வெளிச்சம் கசிந்தால் முன்மேசையும் பின்மேசையும் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். சரிசெய்யும் திருகிலேயே அது தீர்ந்தால் விலையைத் தொட வேண்டாம். மேசையே வளைந்திருந்தால் கிரைண்டிங் கூலியையும், கழற்றி ஏற்றி இறக்கும் செலவையும் கழித்தே பேசுங்கள். கடைசியாக, ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு அது தானாக அடங்கும் வரை காது கொடுங்கள். மோட்டார் இரைச்சலில் மறைந்திருந்த பேரிங்கின் கரகரப்பு அப்போதுதான் கேட்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற பேண்ட் சா (பட்டை ரம்ப இயந்திரம்) ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (வேளச்சேரி)

தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதே முதல் கேள்வி. மோட்டார் மூழ்கியிருந்தால், இன்று ஓடுகிறது என்பதை மட்டும் நம்பாமல், வைண்டிங்கின் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) காப்புத் தடையை, அதை அளக்கும் மெகர் என்ற கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுவைண்டிங் கூலியை விலையில் கழிப்பதே முறை. மூழ்கிய பேரிங்குகளைச் சோதனையே இல்லாமல் மாற்றிவிட வேண்டும், ஏனெனில் கிரீஸில் கலந்த சேறு வெளியே தெரியாது. சக்கரமும் சட்டமும் நேராக இருந்தால் மேல்துரு ஒரு பொருட்டல்ல.

ஜி.எஸ்.டி.யை விலையில் எப்படிச் சேர்ப்பது? (கிண்டி)

புதிய மரவேலை இயந்திரத்துக்கு வரி 18 விழுக்காடு. பதிவு பெற்ற தொழிலகம் அதை உள்ளீட்டு வரியாக, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால், அதற்கு ஒப்பீட்டு விலை ஒரு லட்சமென்றால், பதிவில்லாத தச்சருக்கு அது 1,18,000. ஆகவே வரியில்லாமல் கைமாறும் பழைய இயந்திரத்துக்குத் தச்சர் சற்றுக் கூடுதலாகத் தருவதில் தவறில்லை.

வீட்டில் ஒருமுனை இணைப்புதான். வாங்க நினைக்கும் இயந்திரத்தில் மும்முனை மோட்டார். (பெரம்பூர்)

மோட்டாரும் ஸ்டார்ட்டரும் மாற்றும் செலவைக் கழித்துக் கேளுங்கள். விற்பவர் இணங்காவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மும்முனை உள்ள பட்டறைக்காரர் அந்த முழு விலையைக் கொடுப்பார்.

என் பெரிய திக்னஸர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் இயந்திரம்) மாதக் கணக்கில் விலை போகவில்லை. (போரூர்)

ஆயத்தப் பலகைகளில் அலமாரி செய்யும் மாடுலர் வேலைக்கு, பலகை அறுக்கும் பேனல் சாவும் விளிம்பில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டருமே தேவைப்படுவதால், முழுமரம் இழைக்கும் கனரக இயந்திரத்தைத் தேடி வருபவர்கள் கதவு, நிலை செய்யும் பட்டறைக்காரர்களே. மரவாடிகளில் சொல்லி வையுங்கள். சென்னையின் சூளை பகுதியில் இன்னும் ஆள் உண்டு. எடைக்குப் போட்டால் கிடைக்கும் இரும்பு விலையோடு நல்ல மோட்டாரின் விலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.