முதல் சுற்றிலேயே நின்றுபோன உங்கள் திரைக்கதை

வணக்கம். ஆஸ்கர் அகாதெமி நடத்தும் திரைக்கதைப் போட்டியான நிக்கோல் ஃபெல்லோஷிப்புக்கு நீங்கள் அனுப்பிய 128 பக்கத் திரைக்கதை முதல் சுற்றைத் தாண்டவில்லை. படித்த நண்பர்களில் ஒருவர் தொடக்கம் இழுக்கிறது என்கிறார், இன்னொருவர் கதாநாயகி மனதில் ஒட்டவில்லை என்கிறார். யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் ஒரே குறை என்றுதான் எனக்குப் படுகிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவரை எந்தக் காட்சியும் இழுக்கத்தான் செய்யும். அதனால் உடனே வெட்டத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை எடுங்கள். இங்கே அவள் யாரிடம் எதற்காக வந்திருக்கிறாள், அது கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள். எழுத வராத அட்டைகள் முதல் 30 பக்கத்தில்தான் குவியும் என்று நினைக்கிறேன். அவளுடைய தேவை முதல் 10 பக்கத்துக்குள் ஒரு செயலாகத் தெரியட்டும், வசனமாக வேண்டாம். பக்கத்துக்கு ஏறக்குறைய 1 நிமிடம் என்ற ஹாலிவுட் கணக்கில் உங்கள் நீளம் இப்போதே 2 மணி நேரத்துக்கு மேல். காரணமில்லாத காட்சிகள் போனால் அதுவும் சரியாகும்.

அப்புறம், போட்டி முடிவை நினைத்து உடைந்துபோகாதீர்கள். அந்தப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் திரைக்கதைகள் வருகின்றன, தேர்வாவது 5 வரைதான். திருத்திய பிரதியை மட்டும், கதையே தெரியாத புதிய ஒருவரிடம் கொடுங்கள்.